ஸ்டிரைக் செய்தால் குற்றமா? நாள் கணக்கு தப்பினால் சம்பளம் போச்சு!

பஸ் டிரைவர் முதல் முந்திரி ஆலைப் பெண்கள் வரை - புதிய சட்டம் சொல்வது என்ன?

நாகர்கோவில்:

"நாளைக்குப் பஸ் ஓடாதாம்!"

இந்த ஒரு பேச்சு கிளம்பினால் போதும். களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை குமரி மாவட்டமே கலங்கிப் போகும்.

மற்ற மாவட்டங்களில் அரசு பஸ் நின்றால் தனியார் பஸ் ஓடும். இங்கே கதை வேறு. ஊருக்குள் ஓடும் மினி பஸ்களை விட்டால், வழித்தடம் எல்லாம் அரசு பஸ்தான். திருவிதாங்கூர் சமஸ்தானம் 1938-லேயே அரசு பஸ் விட்டுவிட்டது. 1956-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்த வழக்கமே நின்றது. நேசமணி பெயரில் தனிப் போக்குவரத்துக் கழகமும் இருந்தது. 1997-ல் தலைவர்கள் பெயர் எல்லாம் எடுக்கப்பட்டபோது அந்தப் பெயரும் போயிற்று. பஸ் மட்டும் அரசு பஸ்சாகவே இருக்கிறது.

ஆகவே ராணித்தோட்டம் டிப்போவில் பஸ் நின்றால், வடசேரி பஸ் நிலையம் வெறிச்சோடும். தோவாளைப் பூ மூட்டை தேங்கும். மார்த்தாண்டம் சந்தையில் ஈ ஆடாது.

அன்றைக்குப் பார்த்து டீக்கடை பெஞ்சில் இரண்டு கட்சி உருவாகும்.

"சம்பளமும் வாங்கிக்கிட்டு ஸ்டிரைக்கும் பண்ணுகானுவ. இவனுவள எல்லாம் டிஸ்மிஸ் பண்ணணும்!" என்பது ஒரு கட்சி.

"எங்க வயித்துப்பாட்டை யாருவோய் பாக்கது? ஸ்டிரைக் பண்ணுகது எங்க உரிமை!" என்பது மறு கட்சி.

இரண்டு கட்சி சொல்வதும் பாதிதான் சரி. மீதிப் பாதி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தச் சட்டமும் 2025 நவம்பர் 21-ந் தேதி மாறிவிட்டது. இனி நாள் கணக்கு பஸ் தொழிலாளிக்கு மட்டும் அல்ல. முந்திரி ஆலையில் தோல் உரிக்கும் பெண்ணுக்கும், ஜவுளிக்கடையில் துணி மடிக்கும் பையனுக்கும் அதே கணக்குதான்.

உரிமை உண்டு, அடிப்படை உரிமை இல்லை

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும்.

சங்கம் வைக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தருகிறது. அது அடிப்படை உரிமை. "சங்கம் வைக்கலாம் என்றால் ஸ்டிரைக்கும் செய்யலாம்தானே?" என்று வங்கி ஊழியர்கள் கேட்டார்கள். 1961-ல் சுப்ரீம் கோர்ட்டு "இல்லை" என்று சொல்லிவிட்டது. சங்கம் வைப்பது அடிப்படை உரிமை. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல.

அப்படியானால் வேலைநிறுத்தம் குற்றமா? அதுவும் இல்லை. தொழில் சட்டத்தில் வேலைநிறுத்தத்துக்கு இடம் இருக்கிறது. எப்போது செய்யலாம், எப்போது கூடாது என்றுதான் சட்டம் வரம்பு கட்டுகிறது. தொழிலாளி கையில் இருக்கும் ஆயுதம் இது என்பதை சுப்ரீம் கோர்ட்டும் பல தீர்ப்புகளில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், சட்டம் தந்த உரிமை. சட்டம் தந்ததைச் சட்டமே சுருக்கவும் முடியும். இப்போது நடந்திருப்பது அதுதான்.

தூத்துக்குடியில் தொடங்கிய கதை

நாகர்கோவிலுக்குப் பக்கத்து ஊர் தூத்துக்குடி. 1908 பிப்ரவரி 27-ந் தேதி அங்கே கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும். மார்ச் முதல் வாரத்தில் வெள்ளைக்கார நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடைத்தது.

சில நாளில், மார்ச் 12-ந் தேதி வ.உ.சி. கைதானார். அவர் மேல் போடப்பட்டது ராஜத்துரோக வழக்கு. ஸ்டிரைக்கைப் பற்றித் தனிச்சட்டம் அப்போது எதுவும் இல்லை.

சட்டம் வந்ததற்குக் காரணம் சென்னை. 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி.வாடியா அதன் தலைவர். பின்னி மில் தகராறில் கம்பெனி சென்னை ஐகோர்ட்டுக்குப் போய் வாடியாவுக்குத் தடை வாங்கியது. தொழிலாளியைத் தூண்டிவிட்டு எங்களுக்கு நஷ்டம் உண்டாக்கினார் என்பது புகார்.

"சங்கத் தலைவன் மேலேயே நஷ்ட வழக்கா? அப்புறம் யார் சங்கம் நடத்துவார்கள்?" என்ற கேள்வி நாடு முழுவதும் கிளம்பியது. என்.எம்.ஜோஷி சட்டசபையில் இதைக் கிளப்பினார். கடைசியில் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கம் தொழில் தகராறுக்காக வேலைநிறுத்தம் நடத்தினால், "ஒப்பந்தத்தை மீறத் தூண்டினாய்" என்று நஷ்ட ஈடு கேட்க முடியாது. இந்தக் காப்பு புதிய சட்டத்திலும் இருக்கிறது.

பதிவுக்கு ஏன் இவ்வளவு அடிபிடி என்பது இப்போது விளங்கும். 2024 செப்டம்பர் 9-ந் தேதி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள் நடந்தது. முக்கியமான கோரிக்கை கூலி மட்டும் அல்ல, சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதே. 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது.

நாஞ்சில் நாட்டுக்கு 1926 சட்டம் உடனே வரவில்லை. இது அப்போது திருவிதாங்கூர் ராஜா சீமை. இங்கே சங்கச் சட்டம் 1930-களின் கடைசியில்தான் வந்தது. 1938-ல் ஆலப்புழை கயிற்றுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் சமஸ்தானத்தையே உலுக்கியது.

பழைய சட்டம்: பஸ்சுக்கு ஒரு நீதி, ஆலைக்கு ஒரு நீதி

சுதந்திரம் வந்த 1947-ல் தொழில் தகராறு சட்டம் வந்தது. 78 ஆண்டுகள் இந்தச் சட்டம்தான் ஆட்சி செய்தது.

அது தொழில்களை இரண்டாகப் பிரித்தது. ரெயில், தண்ணீர், மின்சாரம், தபால் போன்றவை பொதுப் பயன்பாட்டுப் பணி. பஸ் போக்குவரத்தையும் அரசு உத்தரவு போட்டு இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். இதில் வேலை செய்பவர் ஸ்டிரைக் நோட்டீசு கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்து 14 நாள் பொறுக்க வேண்டும். நோட்டீசுக்கு ஆறு வாரம்தான் ஆயுள். சமரச அலுவலர் பேச்சு நடத்தும்போதும், அது முடிந்து ஏழு நாள் வரையிலும் வேலையை நிறுத்தக் கூடாது.

மற்றத் தொழில்களுக்கு இந்தச் சட்டம் நோட்டீசு கேட்கவில்லை. முந்திரி ஆலையில் கூலி குறைந்தால், அன்று காலையிலேயே வாசலில் உட்கார்ந்துவிடலாம். தொழிலாளர் கோர்ட்டில் வழக்கு நடக்கக் கூடாது, அதே விஷயத்தில் ஒப்பந்தம் அமலில் இருக்கக் கூடாது. முக்கியமான வேலி இவ்வளவுதான்.

ஒப்பந்தம் என்றால் என்ன? தொழிலாளர்கள் பேச்சில் அதற்கு "பன்னிரண்டு மூணு" என்று பெயர். அந்தச் சட்டத்தின் 12(3) பிரிவில் சமரச அலுவலர் முன்னால் போடும் கையெழுத்து அது. போட்ட பிறகு, அதில் பேசி முடித்த விஷயத்துக்கு ஒப்பந்தக் காலம் முடியும் வரை ஸ்டிரைக் கிடையாது.

நோட்டீசு கொடுத்தும் ஜெயில்!

நோட்டீசு கொடுத்துவிட்டால் மட்டும் தப்பிக்கலாமா? 1974 ரெயில்வே ஸ்டிரைக் அதற்குப் பதில்.

ஏப்ரல் 23-ந் தேதி நோட்டீசு. மே 8-ந் தேதி வேலைநிறுத்தம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் மே 2-ந் தேதியே ஜார்ஜ் பெர்னாண்டஸ் கைது செய்யப்பட்டார். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வேலைநிறுத்தம் சட்ட விரோதம் என்று மத்திய அரசு அறிவித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். மே 27-ந் தேதி ஸ்டிரைக் முடிந்தது.

நாடு முழுவதும் ரெயில் நின்ற அந்த மே மாதத்தில் நாகர்கோவில்காரர்களுக்கு உள்ளூரில் கஷ்டம் தெரியவில்லை. காரணம், இங்கே அப்போது ரெயிலே கிடையாது. திருவனந்தபுரம்-கன்னியாகுமரி ரெயில் 1979-ல்தான் வந்தது.

அரசு ஊழியர் கதை: ஒரே கையெழுத்தில் லட்சக்கணக்கானவர்

கண்டக்டர் வேலைநிறுத்தம் செய்யலாம். கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா செய்யலாமா?

பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. போக்குவரத்துக் கழகத் தொழிலாளிக்குத் தொழில் சட்டம் உண்டு. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் அது இல்லை. அவர்களைக் கட்டுப்படுத்துவது 1973-ம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள். அதில் ஸ்டிரைக்குக்கே இடம் இல்லை.

2003 ஜூலை 2-ந் தேதி தமிழ்நாடு முழுவதும் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலையை நிறுத்தினார்கள். ஓய்வூதியச் சலுகைகளைக் குறைத்ததுதான் காரணம். ஜெயலலிதா அரசு "டெஸ்மா" என்ற அத்தியாவசியப் பணிகள் சட்டத்தை எடுத்தது. அவசரச் சட்டம் போட்டு அதை இன்னும் இறுக்கியது. ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் டிஸ்மிஸ்! விசாரணை இல்லை. விளக்கம் கேட்கவில்லை.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. வழக்குப் போட்டவர் தொழிற்சங்கத் தலைவர் டி.கே.ரங்கராஜன். 2003 ஆகஸ்டு 6-ந் தேதி நீதிபதிகள் எம்.பி.ஷாவும் ஏ.ஆர்.லட்சுமணனும் தீர்ப்பு சொன்னார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது தீர்ப்பு.

தீர்ப்பு கடுமையாக இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கோர்ட்டில் அரசு அதற்குச் சம்மதித்தது. சுமார் 6 ஆயிரம் பேர் விஷயம் மட்டும் ஓய்வு பெற்ற நீதிபதிகள் பார்வைக்குப் போனது.

அதற்கு ஒரு மாதம் முன்னால் வீட்டில் உலை வைத்த குமாஸ்தாவுக்கு, அந்த ஒரு மாதம் எப்படிப் போயிருக்கும் என்பதை எந்தத் தீர்ப்பும் எழுதவில்லை.

2018, 2024: பொங்கல் நேரத்தில் பஸ் நின்றபோது

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாக நினைவிருப்பது 2018 ஜனவரி.

ஜனவரி 4-ந் தேதி சாயங்காலம் பேச்சுவார்த்தை முறிந்தது. தகராறு ஒரு பெருக்கல் கணக்கு. அடிப்படைச் சம்பளத்தை 2.57 மடங்காக்கக் கேட்டன சங்கங்கள். அரசு தருவதாகச் சொன்னது 2.44. சில சங்கங்கள் கையெழுத்துப் போட்டன. மற்றவை போடவில்லை. அன்று இரவே பஸ்கள் டிப்போவுக்குத் திரும்பின. வழியில் இறங்கியவர்கள் வழியிலேயே நின்றார்கள்.

மறுநாளே சென்னை ஐகோர்ட்டு தலையிட்டது. வேலைக்குத் திரும்புங்கள், இல்லாவிட்டால் நடவடிக்கை வரும் என்று எச்சரித்தது. தொழிலாளர்கள் உடனே திரும்பவில்லை. ஜனவரி 11-ந் தேதி ஓய்வு பெற்ற நீதிபதி பத்மநாபனை ஐகோர்ட்டு மத்தியஸ்தராக நியமித்த பிறகுதான் பஸ் ஓடியது. பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது.

2024 ஜனவரி 9-ந் தேதி மறுபடியும் வேலைநிறுத்தம். அகவிலைப்படி பாக்கி உள்ளிட்ட கோரிக்கைகள். இந்த முறை முன்கூட்டியே அறிவித்துவிட்டு நிறுத்தினார்கள். பொங்கல் சமயத்தில் ஜனங்கள் அவதிப்பட வேண்டுமா என்று ஐகோர்ட்டு கேட்டது. 10-ந் தேதி சங்கங்கள் வேலைநிறுத்தத்தை 19-ந் தேதி வரை தள்ளி வைத்தன.

இரண்டும் பொங்கலுக்கு முன்னால் நடந்ததைக் கவனிக்க வேண்டும். பஸ்சுக்கு மவுசு உள்ள நாளில் நிறுத்தினால்தான் அரசு காதில் விழும் என்பது தொழிலாளி கணக்கு. அந்த நாளில் நின்றால் கடைக்காரன் ஒரு மாத வியாபாரத்தை இழப்பான். சட்டம் நாள் கணக்கு வைத்தது இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான்.

சம்பளம் கிடைக்குமா?

"ஸ்டிரைக் நாளுக்குச் சம்பளம் உண்டாம்லா?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

பொதுவான விதி, வேலை இல்லை என்றால் கூலி இல்லை. 1990-ல் வங்கி ஊழியர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதை அழுத்திச் சொன்னது. 1994-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு இன்னும் தெளிவாக்கியது. சம்பளம் வேண்டுமென்றால் வேலைநிறுத்தம் சட்டப்படி இருக்க வேண்டும். நியாயமாகவும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கிடையாது.

இதைவிடக் கசப்பான சங்கதி ஒன்று உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, நோட்டீசும் தகுந்த காரணமும் இல்லாமல் வேலைக்கு வராவிட்டால், வராத நாள் சம்பளத்தோடு எட்டு நாள் சம்பளம் வரை கூடுதலாகப் பிடிக்கலாம். வேலை ஒப்பந்தத்தில் அப்படி விதி இருக்க வேண்டும். பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலும் இது இருந்தது. புதிய ஊதியச் சட்டத்திலும் இருக்கிறது. ஒரு நாள் கோபத்துக்கு ஒன்பது நாள் சம்பளம்!

வேலை போகுமா? சட்ட விரோத ஸ்டிரைக்கில் சேர்ந்துவிட்டான் என்பதற்காக மட்டும் ஒருவனை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. கல் எறிந்தவன் வேறு, கும்பலோடு சும்மா நின்றவன் வேறு. 1979-ல் குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கில் நூற்றுக்கணக்கானவர்களை மொத்தமாக வெளியேற்றியதை நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அடங்கிய பெஞ்சு ஏற்கவில்லை. வேலையைத் திருப்பித் தரச் சொன்னது.

இன்னொன்று. வேலைநிறுத்தம் சட்டப்படி இருந்தால், முதலாளி வெளியிலிருந்து புது ஆள் எடுத்து ஆலையை ஓட்டக் கூடாது. எடுத்தால் அது நியாயமற்ற தொழில் நடவடிக்கை. ஸ்டிரைக் சட்ட விரோதம் என்றால் இந்தக் காப்பு போய்விடும். நாள் கணக்கு தப்புவதால் வரும் பெரிய நஷ்டம் இது.

புதிய சட்டம்: எல்லோருக்கும் நோட்டீசு

இனி விஷயத்துக்கு வருவோம்.

தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஐந்து ஆண்டு கழித்து 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்தது. 1926 தொழிற்சங்கச் சட்டம், 1946 நிலையாணைச் சட்டம், 1947 தொழில் தகராறு சட்டம் மூன்றையும் அது விழுங்கிவிட்டது.

முக்கிய மாற்றம், பொதுப் பயன்பாட்டுப் பணி என்ற பிரிவினை ஸ்டிரைக் விஷயத்தில் இல்லை. எந்தத் தொழில் நிறுவனம் ஆனாலும் 14 நாள் நோட்டீசு கட்டாயம். நோட்டீசின் ஆயுள் ஆறு வாரத்திலிருந்து 60 நாள் ஆனது.

குமரி மாவட்டத்துக்கு இது பெரிய மாற்றம். இங்கே முந்திரி ஆலைகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். உடைக்க, தோல் உரிக்க, தரம் பிரிக்க, எல்லாம் எடை போட்டுக் கூலி. "நேத்து ஒரு கூலி, இன்னைக்கு ஒரு கூலியா?" என்று அந்த நிமிடமே எழுந்து வெளியே வருவதுதான் அவர்கள் கையில் இருந்த ஒரே பலம். இனி அப்படி வெளியே வந்தால் சட்ட விரோதம்.

ரப்பர் தோட்டத்திலும் அப்படியே. விடியுமுன் மரத்தில் கத்தி போட வேண்டும். ஒரு நாள் போடாவிட்டால் அன்றைய பால் இல்லை. பால் நன்றாக ஊறும் காலத்தில் நிறுத்தினால்தான் நிர்வாகம் பேச்சுக்கு வரும். 14 நாள் முன்னால் சொல்லிவிட்டு, பிறகு சமரசம் என்று இழுத்தால் மழை வந்துவிடும்.

அபராதமும் ஏறியிருக்கிறது. சட்ட விரோத ஸ்டிரைக்குப் பழைய அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். இப்போது குறைந்தது 1,000 ரூபாய், கூடினால் 10,000 ரூபாய். அல்லது ஒரு மாதம் வரை சிறை. அல்லது இரண்டும். தூண்டிவிட்டவருக்கு 10,000 முதல் 50,000 ரூபாய் வரை.

ஆபீஸ்காரர்கள் கவனிக்க வேண்டிய மாற்றமும் உண்டு. "ஸ்டிரைக் இல்லை சார், எல்லோரும் கேஷுவல் லீவு" என்ற தந்திரம் இனி செல்லாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து கேஷுவல் லீவு போட்டால் அதுவும் ஸ்டிரைக்தான் என்று சட்டம் எழுதிவிட்டது.

எட்டாம் நாள் பந்தயம்

புதிய கணக்கை ஒரு காலண்டரை வைத்துப் பார்க்கலாம்.

மார்ச் 1-ந் தேதி நோட்டீசு கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 15-ந் தேதி வரை நிறுத்தக் கூடாது. இதற்கிடையில் 10-ந் தேதி சமரச அலுவலர் முதல் கூட்டம் கூட்டுகிறார். அந்த நிமிடத்திலிருந்து சமரசம் தொடங்கியதாகக் கணக்கு. 24-ந் தேதி பேச்சு முறிந்து முடிந்தது என்றால், அதிலிருந்து ஏழு நாள் தடை. ஏப்ரல் 1-ந் தேதிதான் வேலையை நிறுத்த முடியும். நோட்டீசின் 60 நாள் ஏப்ரல் கடைசியில் முடிந்துவிடும். அதற்குள் தொடங்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து நோட்டீசு.

இங்கேதான் ஒரு கொக்கி. சமரசம் தோற்றதும் எந்தத் தரப்பும் நேராக டிரிபியூனலுக்கு மனுப் போடலாம். முன்பெல்லாம் கூலித் தகராறு போன்ற பொது விவகாரத்தை அரசு அனுப்பினால்தான் போகும். இப்போது முதலாளியே போகலாம். டிரிபியூனலில் வழக்கு நடக்கும் காலம் முழுவதும் ஸ்டிரைக் கூடாது. முடிந்த பிறகும் 60 நாள் கூடாது.

அந்த ஏழு நாளுக்குள் முதலாளி மனுப் போட்டுவிட்டால் ஸ்டிரைக்குக் கதவு அடைபட்டது. வழக்கு எத்தனை மாதம் ஓடுமோ, அத்தனை மாதம். முதலாளி போடாமல் இருந்து, எட்டாம் நாள் தொழிலாளர்கள் சட்டப்படி நிறுத்திவிட்டால், பிறகு மனுப் போட்டாலும் அந்த ஸ்டிரைக் சட்ட விரோதம் ஆகாது.

ஒரே வாரம். யார் முந்துகிறார்கள் என்பதுதான் பந்தயம். வக்கீல் வைத்திருப்பவர் முந்துவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

திடீர் ஸ்டிரைக் நாட்டுக்குக் கேடு, பேசித் தீர்க்க அவகாசம் வேண்டும் என்பது அரசு சொல்லும் நியாயம். 2018 ஜனவரி 4-ந் தேதி ராத்திரி நடுவழியில் இறங்கி நின்றவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். உரிமையைக் காகிதத்தில் வைத்துவிட்டு வழியை அடைத்துவிட்டார்கள் என்பது தொழிற்சங்கங்களின் பதில். 2025 ஜூலை 9-ந் தேதி நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இதுவும் ஒரு முக்கியக் கோரிக்கை.

நாள் கணக்கு நியாயமாக இருக்க வேண்டுமானால், கணக்குக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். டிரிபியூனல் இத்தனை மாதத்தில் தீர்ப்பு சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தடை நீங்கும் என்று சட்டத்தில் ஒரு வரி இல்லை. 14 நாளும் 60 நாளும் தொழிலாளிக்கு எழுதியவர்கள், கோர்ட்டுக்கு எழுதவில்லை.

முதலாளி கதவைச் சாத்தினால்?

நாள் கணக்கு முதலாளிக்கும் உண்டு. கதவடைப்புக்கும் அதே 14 நாள் நோட்டீசு. மீறினால் 50,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறையும் வரலாம்.

சட்ட விரோதமாக முதலாளி கதவைச் சாத்தி, அதனால் தொழிலாளர்கள் ஸ்டிரைக் செய்தால், அந்த ஸ்டிரைக் சட்ட விரோதம் ஆகாது. பழைய சட்டத்திலும் இது இருந்தது. புதிய சட்டத்திலும் இருக்கிறது. பலர் அறியாத பிடிமானம் இது.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்டிரைக் வேறு, பந்த் வேறு. தன் வேலையைத் தான் நிறுத்துவது ஸ்டிரைக். அடுத்தவன் கடையை அடைக்கச் சொல்லி மிரட்டுவது பந்த். பக்கத்து மாநிலமான கேரளத்தில் ஐகோர்ட்டு 1997-ல் பந்த் சட்ட விரோதம் என்று சொன்னது. சுப்ரீம் கோர்ட்டும் அதே ஆண்டில் அதை உறுதி செய்தது. மிரட்டி அடைக்கச் சொன்னால் கடைக்காரர் போலீசுக்குப் போகலாம்.

தொழிலாளி செய்ய வேண்டியது

சங்கம் பதிவு பெற்றதா என்று முதலில் பார்க்க வேண்டும். நோட்டீசை எழுத்தில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். நகலைத் தொழிலாளர் துறைக்கும் அனுப்ப வேண்டும். சமரசப் பேச்சுக்கு அழைத்தால் தவறாமல் போக வேண்டும். போன தேதி, பேச்சு முறிந்த தேதி இரண்டையும் குறித்து வைக்க வேண்டும். பழைய ஒப்பந்தம் எந்தத் தேதி வரை, எந்த விஷயத்துக்கு என்று படித்துப் பார்க்க வேண்டும்.

அதுவரை கையைக் கட்டி நிற்க வேண்டியதில்லை. கறுப்பு பேட்ஜ் குத்தலாம். சாப்பாட்டு நேரத்தில் வாயிற்கூட்டம் போடலாம். லீவு நாளில் ஊர்வலம் போகலாம். வேலை கெடாதவரை இவை ஸ்டிரைக் ஆகா.

பஸ் ஏறும் ஜனங்களுக்கும் இதில் வேலை உண்டு. அடுத்த முறை வடசேரியில் பஸ் நின்றால், டிரைவரையோ மந்திரியையோ திட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கலாம். நோட்டீசு என்றைக்குக் கொடுத்தார்கள்? சமரசப் பேச்சுக்கு வராமல் போனது யார்? அந்த 14 நாளும் கோட்டையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

பஸ் ஒரே நாளில் நிற்பதில்லை. பதினான்கு நாள் முன்னாலேயே ஒரு காகிதம் யாரோ ஒருவர் மேஜைக்குப் போயிருக்கும்.